கப்பல் வராத காலம்: போர்க்கால வணிகக் கப்பல் கட்டுப்பாடும் பாராமகால் நாடும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகக் கிழக்கே இறங்கும் சாலை, ஜவ்வாது மலைத்தொடரின் ஓரமாகச் செங்கம் கணவாய்க்குள் நுழைவதற்கு முன் தொடும் சந்தையூர் சிங்காரப்பேட்டை. கிருஷ்ணகிரி, தருமபுரியைச் சூழ்ந்த மேட்டுநிலமான பாராமகாலும், அக்காலத்தில் கர்நாடகம் எனப்பட்ட கிழக்குத் தாழ்நிலமும் இங்கே கைகோத்துக்கொள்வதால், 1767இல் ஹைதர் அலியின் படை இவ்வழியே இறங்கிச் செங்கத்தில் ஆங்கிலேயரோடு மோதியது. படைகள் நடமாடாத காலங்களில் இதே வழியில் நிலக்கடலை மூட்டைகளும் புளியும் தோலும் மாட்டுவண்டிகளில் சென்றன. சாலை வழியே கடற்கரை 150 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருக்கிறது; கப்பலைக் கண்ணால் காணாமலே வாழ்ந்து முடித்தவர்களே இங்கு மிகப் பலர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், அன்றைய சேலம் மாவட்டத்தின் ஊத்தங்கரைத் தாலுக்காவைச் சேர்ந்திருந்த இந்த வறண்ட நாட்டின் வரவுசெலவைக் கப்பல்களே பெருமளவுக்குத் தீர்மானித்தன. நிலக்கடலை கடல் கடந்து வெளியே போயிற்று. பர்மா அரிசியும் மண்ணெண்ணெயும் கடல் வழியே உள்ளே வந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் மனிதர்களே மலேயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறினர். இந்த மூன்று போக்குவரத்தையும் இரண்டு உலகப் போர்களின்போது அரசு தன் கைக்குள் கொண்டுவந்த விதமும், அதன் பலன் கரைக்கு வெகு தொலைவிலிருந்த ஊர்களில் எப்படி இறங்கியது என்பதும் கடற்படை வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

வணிகக் கப்பல் என்பது தனியார் சொத்து. எந்தத் துறைமுகத்துக்கு எந்தச் சரக்கை என்ன கூலிக்கு ஏற்றுவது என்பதைச் சமாதான காலத்தில் அதன் உரிமையாளரே முடிவு செய்வார். போர் வந்ததும் அரசு இந்த உரிமைக்குள் படிப்படியாக நுழைகிறது. முதற்படி காப்பீடு: எதிரியின் குண்டுக்கும் கண்ணிவெடிக்கும் ஆளாகும் கப்பலை எந்தத் தனியார் காப்பீட்டாளரும் தாங்கக்கூடிய கட்டணத்துக்கு ஏற்க மாட்டார் என்பதால், அந்த ஆபத்தின் பெரும்பங்கை அரசு தானே ஏற்று, அதற்கு ஈடாகத் தான் சொல்லும் பாதையிலேயே கப்பல் செல்ல வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. அடுத்தது உரிமம், அதாவது லைசென்ஸ்: ஒவ்வொரு பயணத்துக்கும் முன்அனுமதி பெறாமல் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப முடியாது. இறுதிப்படி, ஆங்கிலத்தில் ரெக்விசிஷன் எனப்படும் கட்டாய எடுப்பு. கப்பலின் உடைமை பழைய உரிமையாளரிடமே இருக்க, அரசு நிர்ணயித்த வாடகைக்கு அதன் பயன்பாடு முழுவதும் அரசுக்குப் போய்விடும். மாலுமிகளும் கம்பெனி அலுவலகமும் பழையபடியே இயங்குவதால், வெளியே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. மாறுவது சரக்குப் பட்டியல் மட்டுமே.

முதல் உலகப் போரில் இந்தப் படிகளின் தேவையைச் சென்னைக்கு உணர்த்தியது எம்டன். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. உயிர்ச்சேதம் குறைவே, ஆனால் அதே மாதத்தில் வங்காள விரிகுடாவில் அது அடுத்தடுத்துப் பிடித்து மூழ்கடித்த வணிகக் கப்பல்களால் காப்பீட்டுக் கட்டணம் ஏறி, கல்கத்தாவிலிருந்து கிளம்ப வேண்டிய கப்பல்கள் நாட்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டன. தமிழர் நினைவில் எம்டன் ஒரு சாகசக் கதையாகவும், அடங்காத ஆளைக் குறிக்கும் வசைமொழியாகவும் தங்கிவிட்டதே தவிர, அது உண்டாக்கிய கப்பல் முடக்கம் நினைவில் நிற்கவில்லை.

1916 டிசம்பரில் லண்டனில் கப்பல் துறைக்கென்று தனி அமைச்சகம் ஏற்பட்டு, ஜோசப் மெக்லே என்ற கிளாஸ்கோ கப்பல் உரிமையாளர் அதன் கட்டுப்பாட்டாளராக அமர்ந்தார். நீர்மூழ்கிகளின் தாக்குதல் உச்சத்துக்குச் சென்ற 1917இல், எங்கெங்கோ வணிகம் செய்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்கள் அட்லாண்டிக் பாதைக்குத் திருப்பப்பட்டன. இந்தியக் கரையில் மிஞ்சியவை சிலவே. 1918இல் பருவமழையும் தவறி, இன்ஃபுளுவென்சாவும் பரவிய வேளையில், அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் ஒருசேர விலையேறி, செப்டம்பரில் சென்னையிலும் மாகாணத்தின் பிற ஊர்களிலும் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. இக்கலவரங்களுக்கு வியாபாரிகளின் பதுக்கல் காரணமாகக் காட்டப்பட்டது. பதுக்கல் இருந்தது உண்மையே. ஆனால் அடுத்த கப்பல் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாத சந்தையில்தான் பதுக்கல் இலாபமாகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கட்டுப்பாட்டின் சாவி யாரிடம் இருந்தது என்பதை அறிய, கப்பல்கள் யாருடையவை என்று பார்ப்பது அவசியம். இந்தியக் கரையோரத்திலும் பர்மா, இலங்கை, மலேயாப் பாதைகளிலும் கோலோச்சியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசி நாவிகேஷன் கம்பெனியைக் கட்டணப் போட்டியால் நெருக்கியதும், அதில் ஆட்சியாளரின் பரிவைப் பெற்றதும் இதே கம்பெனிதான். 1919இல் பம்பாயில் உருவாகி, லாயல்டி என்ற கப்பலை லண்டனுக்கு அனுப்பித் தன் கணக்கைத் தொடங்கிய சிந்தியா கம்பெனி இந்தியருக்குச் சொந்தமாக நிலைத்த முதற்பெரும் நிறுவனம் எனினும், கரையோர வணிகத்தில் அதற்குக் கிடைத்த பங்கு பிரிட்டிஷ் கம்பெனிகளோடு செய்துகொண்ட உடன்பாட்டால் வரம்பிடப்பட்டிருந்தது. சிந்தியாவின் கப்பல்கள் இந்தியப் பதிவு பெற்றவை. ஆகவே அவை டெல்லி அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டன. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்களோ பிரிட்டனில் பதிவானவை. போர் மூண்டதும் அவற்றின் போக்கை முடிவு செய்தது லண்டன். பெயரிலேயே இந்தியாவைச் சுமந்த கம்பெனியின் கப்பல் ஒன்று சென்னையில் நிற்க வேண்டுமா, ஏடனுக்குப் போக வேண்டுமா என்று சொல்லும் அதிகாரம் சென்னை ஆளுநருக்கும் இல்லை, வைசிராய்க்கும் இல்லை.

1939 செப்டம்பரில் இரண்டாம் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் அரசு முந்தைய போரின் பாடத்தை மறந்திருக்கவில்லை. அக்டோபரிலேயே கப்பல் அமைச்சகம் மீண்டும் உயிர்பெற்றது. 1941 மே மாதத்தில் அது போக்குவரத்து அமைச்சகத்தோடு இணைந்து, லெதர்ஸ் பிரபுவின் தலைமையில் போர்ப் போக்குவரத்து அமைச்சகம் ஆயிற்று. இந்தியாவில் பாதுகாப்புச் சட்ட விதிகளின்கீழ் உரிம முறையும் கட்டாய எடுப்பும் வந்தன. பாராமகாலுக்கு எட்டிய முதல் அடி நிலக்கடலையின்மேல் விழுந்தது. புதுச்சேரி, சென்னைத் துறைமுகங்களிலிருந்து மார்செய்ல் எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த இந்தப் பயிர், பல்லாண்டுகளாக ஐரோப்பியச் சந்தையை நம்பியே மானாவாரி நிலங்களில் பரவியிருந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததோடு அந்தச் சந்தை மறைந்தது. பிரிட்டன் வாங்கத் தயாராக இருந்த அளவுக்கும் ஏற்றிச்செல்லக் கப்பலில் இடம் ஒதுக்கப்படவில்லை. விலை சரிந்தது. கடன் வாங்கி விதைத்த மானாவாரிக் குடியானவன் எதிர்கொண்ட அந்தச் சரிவைப் போரின் செய்தியாக எந்தப் பத்திரிகையும் முதற்பக்கத்தில் போட்டிருக்க வாய்ப்பில்லை. பின்னர் தென்கிழக்காசியாவின் கொப்பரையும் பனையெண்ணெயும் ஜப்பானியர் கைக்குப் போனதும் எண்ணெய் வித்துக்கு மீண்டும் தேவை பிறந்தது என்பது உண்மை. அதற்குள் உணவுத் தானியம் பயிரிடுமாறு அரசு அதே குடியானவனை வற்புறுத்தத் தொடங்கியிருந்தது.

மனிதரை ஏற்றிச் சென்ற கப்பல்களின் கதை இன்னும் நேரடியானது. 1926இல் கட்டப்பட்ட ராஜுலா, ரோனா என்ற இரு கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற பாதையில் தமிழ்த் தொழிலாளரையும் வணிகரையும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசென்றவை. மலேயாத் தோட்டங்களுக்கு ஆளெடுத்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காட்டோடு சேலமும் ஒன்று. படுக்கையோ அறையோ இல்லாமல் திறந்த தளத்தில் பாய்விரித்துப் பயணம் செய்யும் மேல்தளச் சீட்டுக்காரர்களே இக்கப்பல்களின் பிழைப்பு. போர் வந்ததும் இரண்டும் எடுக்கப்பட்டுப் படை ஏற்றும் கப்பல்களாயின. 1943 நவம்பர் 26இல் அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய விமானம் ஏவிய, வானொலி அலையால் திசைதிருப்பப்படும் குண்டு தாக்கியதில் ரோனா மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களோடு, பெரும்பாலும் இந்தியரான கப்பல் பணியாளர்கள் நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். அந்த ஆயுதத்தின் இரகசியம் கருதி இச்செய்தி நெடுங்காலம் மறைக்கப்பட்டது. அமெரிக்காவில் ரோனாவுக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுவிட்டது. அதே கப்பலில் பினாங்குக்குப் போன தலைமுறைகளின் ஊர்களில் அதன் முடிவு பெரும்பாலும் தெரியாது. ராஜுலா தப்பியது, 1946இல் பழைய பாதைக்குத் திரும்பி, 1973 வரை அதே பெயரில் ஓடியது.

1942ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் வீழ்ந்தன. மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த பணவிடைகள் நின்றன. ரங்கூனில் இந்தியத் தொழிலாளர் வெளியேறிவிட்டால் துறைமுகமும் நகரப் பணிகளும் நின்றுவிடும் என்று அஞ்சிய பர்மா அரசு, மேல்தளச் சீட்டில் வயதுவந்த ஆண்கள் கிளம்புவதைச் சிறிது காலம் தடுத்து வைத்ததால், கப்பலில் வந்திருக்கக்கூடிய பலர் அரக்கான் மலைகளையும் அசாம் காடுகளையும் கால்நடையாகக் கடக்க நேர்ந்தது. அறை வசதியுள்ள உயர்வகுப்புச் சீட்டோ, பணமும் செல்வாக்கும் உள்ளவருக்குத் தடையின்றிக் கிடைத்தது. கப்பல் கட்டுப்பாடு என்பது சரக்கை வரிசைப்படுத்துவதோடு நிற்பதில்லை, ஆட்களையும் வரிசைப்படுத்துகிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இந்தப் பிராந்தியத்தில் அரிது.

ஏப்ரல் 5இல் கொழும்பும் 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் 9இல் திரிகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. அதே நாட்களில் ஒசாவாவின் தலைமையில் வந்த ஜப்பானியக் கடற்படைப் பிரிவு வங்காள விரிகுடாவில் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை, ஏறத்தாழ 1,12,000 டன் அளவுக்கு, மூழ்கடித்தது. கப்பலைக் குறிக்கும்போது டன் என்பது எடை அல்ல. நூறு கனஅடி உள்ளிடத்தை ஒரு டன்னாகக் கொள்ளும் கொள்ளளவுக் கணக்கு அது. சென்னை நகரத்தார் சேலம், கோயம்புத்தூர் என்று உள்நாட்டுக்கு ஓடி வந்தபோது, வணிகக் கப்பல்கள் கிழக்குக் கரைத் துறைமுகங்களைத் தவிர்த்தன. போர்க்கப்பல் காவலோடு கூட்டமாகச் செல்லும் கான்வாய் முறையில், கூட்டத்தின் மிக மெதுவான கப்பலின் வேகமே எல்லாவற்றின் வேகமும் ஆவதாலும், கூட்டம் சேரும்வரை துறைமுகத்தில் காத்திருக்க வேண்டியிருந்ததாலும், மூழ்காமல் எஞ்சிய கப்பலும் ஆண்டுக்குச் செய்யும் பயணங்கள் குறைந்தன. மேற்குக் கரையும் பாதுகாப்பாக இல்லை. சிந்தியாவின் ஜலபாலா 1943 அக்டோபரில் கேரளக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது.

பர்மாவோடு போனவை அரிசி மட்டுமல்ல. ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளும் சிரியம் சுத்திகரிப்பு ஆலையும் பின்வாங்கிய பிரிட்டிஷாராலேயே அழிக்கப்பட்டன. கிராமத்துச் சிம்னி விளக்கு அணைந்ததன் காரணம் இதுதான். பெட்ரோல் பற்றாக்குறையால் பேருந்துகளின் பின்னே கரியடுப்புப் பொருத்திக் கரிவாயுவில் ஓட்டும் முறை மாகாணமெங்கும் பரவியது; செங்கம் கணவாய்ச் சாலை போன்ற ஏற்றங்களில் அத்தகைய வண்டிகளின் இழுவை எவ்வளவு போதாமல் இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கப்பல் பற்றாக்குறை இருப்புப்பாதையைப் பிடித்த விதம்தான் உள்நாட்டுக்கு மிகப் பெரிய கேடாக அமைந்தது. சமாதான காலத்தில் வங்காள நிலக்கரி கல்கத்தாவிலிருந்து கரையோரக் கப்பல்களில் தென்னிந்தியத் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்தது. கப்பல்கள் எடுக்கப்பட்டபின் அந்த நிலக்கரி முழுவதும் இரயில் வேகன்களில் ஏறியது. படைகளும் தளவாடங்களும் ஏற்கெனவே நிறைத்திருந்த பாதைகளில் இந்தச் சுமையும் சேரவே, தானியத்துக்கு வேகன் கிடைப்பது அரிதாயிற்று. அதற்கு முன்பே, 1941இல், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை சென்ற குறுகிய இரயில்பாதை போர்த்தேவையின் பேரில் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1906இல் தருமபுரிவரையும் 1913இல் ஓசூர்வரையும் திறக்கப்பட்ட அப்பாதை பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுசெல்வதற்கென்றே போடப்பட்டது. அந்நோக்கத்துக்காக அது தேவைப்படவிருந்த தருணத்துக்குச் சற்றுமுன் அதை இழந்ததில் உள்ள முரணை எந்த நிர்வாக அறிக்கையும் சுட்டிக்காட்டத் தேவையில்லை. இதன்பின் பாராமகாலின் பெரும்பகுதிக்குச் சாமல்பட்டி, மொரப்பூர் போன்ற பெருவழி நிலையங்களும் மாட்டுவண்டியுமே மிஞ்சின.

இதே காலத்தில் வங்காளத்தில் கட்டுப்பாடு படகுவரை இறங்கியது. ஜப்பானியர் கரையிறங்கினால் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்தால், பத்துப்பேருக்கு மேல் ஏறக்கூடிய நாட்டுப்படகுகள் 1942இல் பதிவு செய்யப்பட்டு, பதிவான ஏறத்தாழ 66,500இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அழிக்கப்பட்டோ அகற்றப்பட்டோ போயின. மீன்பிடிப்பும் சந்தைப் போக்குவரத்தும் நின்ற டெல்டாவில்தான் அடுத்த ஆண்டின் பெரும் பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கியது. தமிழகக் கரையில் நீராவிக் கப்பல்கள் விட்டுச்சென்ற இடத்தைத் தூத்துக்குடித் தோணிகள் போன்ற பாய்மரக் கலங்கள் ஓரளவு நிரப்பின. நூற்றாண்டுத் தொடக்கத்தில் அழிந்துவிடும் என்று எண்ணப்பட்ட தோணித்தொழிலுக்குப் போர் எதிர்பாராத மறுவாழ்வு தந்தது.

1943 ஜனவரியில் லண்டனில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு இவை அனைத்தையும்விடத் தொலைவுக்கு எட்டியது. வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கும் பிரிட்டனின் இறக்குமதிக்கும் கப்பல் போதாமையால், இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு மாதந்தோறும் அனுப்பப்பட்ட ஏறத்தாழ நூறு கப்பல்களை நாற்பதளவுக்குக் குறைக்குமாறு சர்ச்சில் ஆணையிட்டார். பிரிட்டிஷ் அரசின் அதிகாரபூர்வ வரலாற்றின் ஒரு பகுதியாகக் கப்பல் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதிய பெரன்ஸ் அம்மையாரே இந்த வெட்டின் விளைவுகளை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பர்மா அரிசியை வாங்கிப் பழகிய இந்தியாவுக்கு, அந்த அரிசிக்கு மாற்றாக ஆஸ்திரேலியக் கோதுமை இருந்தது. ஏற்றிவரக் கப்பல் ஒதுக்கப்படவில்லை. வைசிராய் லின்லித்கோவும் பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர் ஆமரியும் கேட்ட அளவில் சிறுபகுதியே ஒவ்வொரு முறையும் இசைவு பெற்றது. 1943 அக்டோபரில் வைசிராயாகப் பதவியேற்ற வேவல் அடுத்த ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் கேட்டு விடாமல் வாதாடினார். 1944 ஏப்ரல் 29இல் சர்ச்சிலே ரூஸ்வெல்ட்டிடம் கப்பல் உதவி கோரினார். படையெடுப்புத் திட்டங்களைக் காரணம் காட்டி ஜூன் 1இல் அமெரிக்கா மறுத்தது. வங்காளப் பஞ்சத்தில் மாண்டவர்களை விசாரணைக் கமிஷன் 15 லட்சம் என்று கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர் பலர் அதன் இருமடங்கு வரை மதிப்பிடுகின்றனர்.

கப்பல் உண்மையிலேயே இல்லை, ஆகவே வேறு வழியில்லை என்ற வாதத்தைச் சில வரலாற்றாசிரியர்கள் இன்றும் முன்வைப்பதுண்டு. அது பாதி உண்மை. உலகப் போரின் எந்தக் கட்டத்திலும் எல்லாத் தேவைக்கும் போதிய கப்பல் இருந்ததில்லை. கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்பட்டதே அந்தப் போதாமையைப் பங்கிடுவதற்காக. எனவே கேட்க வேண்டியது, பங்கிடும் மேசையில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதே. பிரிட்டனின் இறக்குமதித் தேவையை அங்கே எடுத்துச் சொல்ல அமைச்சர்கள் இருந்தனர். படைத்தேவையைச் சொல்லத் தளபதிகள் இருந்தனர். இந்தியாவின் பசியைச் சொன்னவர்கள் தந்தியனுப்பிக் காத்திருந்தவர்கள்.

சென்னை மாகாணம் வங்காளத்தின் கதியை அடையாமல் தப்பியதற்கு, நகரங்களில் 1943இன் பிற்பகுதியிலிருந்து பங்கீட்டு முறையை ஒழுங்காகக் கொண்டுவந்ததும் குடியானவரிடம் கட்டாயக் கொள்முதல் செய்ததும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அரிசியை மிகுதியாக நம்பியிருந்த திருவிதாங்கூரும் மலபாரும் பெருந்துன்பம் அடைந்தன. கேழ்வரகும் சாமையும் உண்ட பாராமகாலுக்குப் பர்மா அரிசி நேராக வேண்டியிருக்கவில்லை. ஆனால் அரிசி கிட்டாத ஊர்கள் சிறுதானியத்தின் பக்கம் திரும்பியதும் அதன் விலையும் ஏறவே, நிலமற்ற கூலியாட்களுக்கு அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. போர் முடிந்த பின்னும் பல்லாண்டு நீடித்த உணவுக் கட்டுப்பாட்டை 1952 ஜூனில் சென்னை மாநிலத்தில் நீக்கிய முதலமைச்சர் ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். பதுக்கலை வளர்த்தது கட்டுப்பாடே என்ற அவருடைய துணிபு அன்று பலரால் ஆபத்தானதாகக் கருதப்பட்டது.

உணவுக் கட்டுப்பாடு போன பிறகும் கப்பல் கட்டுப்பாடு போகவில்லை. போருக்குப் பிந்திய கப்பல் கொள்கையை வகுக்க அமைக்கப்பட்ட, சி. பி. ராமசாமி ஐயர் தலைமையிலான குழு, கரையோர வணிகம் முழுவதும், பர்மா, இலங்கை வணிகத்தில் முக்கால் பங்கும், தொலைதூர வணிகத்தில் பாதியும் இந்தியக் கப்பல்களுக்கு உரியவையாக வேண்டும் என்றும், அதற்கு 20 லட்சம் டன் கப்பல் வேண்டும் என்றும் 1947இல் பரிந்துரைத்தது. அப்போது நாட்டிடம் இருந்தது இரண்டு லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. அந்நிய அரசு போருக்காக உண்டாக்கிய உரிம அதிகாரத்தைச் சுதந்திர அரசு இந்தக் குறிக்கோளுக்கான கருவியாக்கிக்கொண்டது. 1947ஆம் ஆண்டின் கப்பல் கட்டுப்பாட்டுச் சட்டம் போர்க்கால விதிகளைத் தொடரச் செய்தது. 1949 செப்டம்பரில் பம்பாயில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அமைந்தது. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் 14ஆம் பகுதியில் அந்த அதிகாரம் நிரந்தர இடம் பெற்றது. இந்தியக் கப்பல் எதுவும் உரிமமின்றித் துறைமுகத்தை விட்டுக் கிளம்பலாகாது என்ற விதி, அதைத் தோற்றுவித்த நெருக்கடி மறைந்து தலைமுறைகள் ஆன பின்னும் அரசிதழில் நின்றது. அந்த 14ஆம் பகுதிக்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டின் கரையோரக் கப்பல் சட்டம், கரையோர வணிகத்தில் ஈடுபடும் இந்தியக் கப்பல்களுக்கு இனி உரிமம் தேவையில்லை என்று விலக்களித்து, அத்தேவையை அந்நியக் கப்பல்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டது.